கொச்சிக் காயலில் மின்படகு: அடுத்த படகு யாருக்கு முதலில் வர வேண்டும்?

ஸ்ராங்கு மகன் (ஃபோர்ட் கொச்சி)

கொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற நம் தமிழ் ஆட்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன வாரம் வில்லிங்டன் தீவுக்குப் புது மின்படகில் போய் வந்த பிறகு தள்ளிப்போட மனசு வரவில்லை.

என் அப்பா குளச்சல்காரர். அரசு போட்டில் (பயணிகள் படகில்) லாஸ்கராக, அதாவது கயிறு கட்டுகிற ஆளாகச் சேர்ந்து, படகை ஓட்டுகிற ஸ்ராங்காக ஓய்வு பெற்றவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடவே ஏறிக்கொள்வேன். மேலே சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்குக்கும் கீழே எஞ்சின் பக்கத்தில் இருக்கிற டிரைவருக்கும் நடுவில் ஒரு கயிறும் மணியும்தான் பேச்சு. அப்பா கயிற்றைச் சுண்டினால் கீழே மணி அடிக்கும், எஞ்சின் சத்தம் மாறும். டிரைவருக்குக் கரையும் தெரியாது, எதிரே வருகிற தோணியும் தெரியாது. மணியை மட்டும் நம்பி ஓட்டுவார். அப்பாவுடன் வேலை பார்த்த டிரைவர் மாமாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தம். அப்பாவின் சட்டையில் இருந்த டீசல் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போனதில்லை.

புதுப் படகில் சுக்கானும் மோட்டாரும் ஒரே ஆளின் கைக்குள் இருக்கின்றன. சத்தம் இல்லை. பக்கத்தில் இருந்த பாட்டி பேத்தியிடம் சாதாரணக் குரலில் கதை சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் காலத்துப் போட்டில் அப்படிப் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும். அப்பா இருந்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் புது மின்படகுகளை ஓட்டுகிற 'வாட்டர் மெட்ரோ' சேவை 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. திட்டம் சுமார் 1,137 கோடி ரூபாய், அதில் பெரும் பங்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன். 78 படகு, 38 துறை, 10 தீவு, 76 கிலோமீட்டர் நீர்வழி என்பது முழுக் கணக்கு. கொச்சி கப்பல் கட்டும் தளத்திடம் முதலில் கட்டக் கொடுத்தது நூறு பேர் ஏறுகிற 23 படகுகள். ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரலில் வந்தது. மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் 2025 அக்டோபரில் வந்தது. இந்த இரண்டு துறைகளும் நம் ஆட்கள் தலைமுறையாகக் குடியிருக்கிற இடங்களை ஒட்டியவை.

இனி வரப்போகிற படகுகள் எந்தத் தடத்துக்கு முதலில் போக வேண்டும், எத்தனை மணிக்கு ஓட வேண்டும், என்ன கட்டணம் வாங்க வேண்டும்? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸும் பாலமும் இல்லாத அக்கரைக்குத்தான் முதல் உரிமை. அப்புறம், மின்படகு என்றால் மெட்ரோ படகு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. ஆறு ரூபாய்க்கு ஓடுகிற பழைய அரசு போட்டும் மின்சாரத்துக்கு மாற வேண்டும். ஏறி இறங்குகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வாத்துருத்தி அக்கா (வில்லிங்டன் தீவுப் பக்கம்)

தம்பி, நான் சித்தாள் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் போடி. வாத்துருத்திக்கு வந்து பதினெட்டு வருஷம்.

தீவில் படகுத்துறை திறந்தபோது எங்கள் வரிசையில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மட்டாஞ்சேரி பஜார் கண்ணுக்கு நேரே தெரிகிறது, ஆனால் தோப்பும்படி சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. இப்போது தண்ணீரைத் தாண்டினால் பஜார். வாரத்துச் சாமான் வாங்கப் போகும்போது நான் அதில்தான் போகிறேன். பெண்கள் தனியாகப் போகப் பயமில்லை, வெளிச்சமாக இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கிறது.

வேலைக்குப் போக மட்டும் அது எனக்கு உதவவில்லை. மேஸ்திரி ஏழு மணிக்குச் சைட்டில் இருக்கச் சொல்வார். வைப்பினில் வேலை என்றால் ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். அந்நேரத்துக்கு மெட்ரோ படகு கிடையாது. தொடங்கும்போதே காலை ஏழிலிருந்து என்றுதான் சொன்னார்கள். ஏழு மணிக்குப் படகு ஏறினால் அன்றைக்குக் கூலி போச்சு.

இன்னொன்று, எங்கள் வீட்டிலிருந்து துறைக்கு நடை. தீவின் ஒரு ஓரத்தில் நாங்கள், இன்னொரு கோடியில் துறை. பெரிய லாரிகள் போகிற சாலை. மழைக்காலத்தில் சிமெண்டு ஒட்டின சேலையோடு அந்தத் தூரம் நடந்து பாருங்கள். படகுக்கு இத்தனை கோடி போட்டவர்கள், எங்கள் தெரு முனையிலிருந்து துறை வரை ஒரு சின்ன வண்டி விட்டால் போதும்.

காக்கநாடு கணினி (காக்கநாடு)

நான் வைட்டிலா–காக்கநாடு படகில் தினமும் போகிறவன். அக்கா சொன்ன நடைதான் எங்களுக்கும் பிரச்சினையாக இருந்தது. படகு இருபத்தைந்து நிமிஷத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் காக்கநாடு துறையிலிருந்து எங்கள் ஐடி அலுவலகங்கள் இருக்கிற இன்ஃபோபார்க் நடக்கிற தூரம் இல்லை, ஆட்டோக்காரர் படகுக் கட்டணத்தைவிட அதிகம் கேட்பார். 2025 தொடக்கத்தில் மெட்ரோ நிறுவனமே மின்சார இணைப்புப் பேருந்துகள் விட்ட பிறகுதான் என் அலுவலக நண்பர்கள் பைக்கை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கினார்கள். படகு நேற்றும் அதேதான். மாறியது அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்.

ஐடி ஆட்களுக்கு வந்த வண்டி வாத்துருத்திக்கும் வர வேண்டும். இதில் இரண்டு பேச்சே இல்லை.

மூலமற்றம் லைன் (தொடுபுழா)

மின்வேலையில் இருப்பவன் என்பதால் மின்சாரப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், கட்டணம், நேரம் இரண்டுக்குமே இதில் பதில் இருக்கிறது.

வாட்டர் மெட்ரோ படகில் இருப்பது லித்தியம் டைட்டனேட் வகை பேட்டரி, சுமார் 122 கிலோவாட் மணி. நம் ஸ்கூட்டரிலும் காரிலும் வருகிற வகை இல்லை. விலை அதிகம், எடையும் அதிகம். ஆனால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சார்ஜ் ஏறும், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் தேய்மானம் குறைவு, சூடாகித் தீப்பிடிக்கிற அபாயமும் மற்ற வகைகளைவிடக் குறைவு. படகு கரையில் நிற்கிற நேரத்துக்குள்ளேயே சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பப் போக வேண்டும் என்பதால்தான் இந்த வகை. அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டரும் உண்டு. ஒரு படகின் விலை ஏழரைக் கோடி ரூபாயை ஒட்டி.

இன்னொரு பாதையும் இருக்கிறது. வைக்கம்–தவணக்கடவு தடத்தில் 2017 ஜனவரியிலிருந்து 'ஆதித்யா' ஓடுகிறது. இந்தியாவின் முதல் சூரிய மின்சக்திப் பயணிப் படகு, 75 பேர், அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையுடையது. பெரியார் வந்து சிறை போன அதே வைக்கம்தான். ஏசி கிடையாது, பெரிய கண்ணாடி கிடையாது. கூரை முழுக்கச் சூரியத் தகடு, அடியில் இரட்டை உடல், சின்ன மோட்டார் இரண்டு. ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் நடை (பயணம்). பழைய படகில் டீசலுக்கு ஆயிரக்கணக்கில் செலவான இடத்தில் இதற்கு மின்கட்டணம் சில நூறுகளைத் தாண்டுவதில்லை.

இது எப்படி முடிகிறது? தண்ணீரில் வேகம்தான் மின்சாரத்தைக் குடிக்கிறது. வேகம் கூடக்கூட, தேவைப்படுகிற சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். பத்து நாட் (மணிக்குப் பத்து கடல்மைல்) வேகத்தில் போகிற படகை எட்டு நாட்டுக்குக் குறைத்தால் சக்தித் தேவை பாதியாகிவிடும். மூன்று கிலோமீட்டர் தடத்தில் இதனால் பயணிக்கு நஷ்டம் இரண்டு மூன்று நிமிஷம். குறுகிய தடத்துக்கு வேகமான, விலை உயர்ந்த படகு தேவையே இல்லை. மெதுவான, மலிவான, அடிக்கடி வருகிற படகு போதும். ஒரு விலை உயர்ந்த படகின் பணத்தில் எளிய படகுகள் ஒன்றுக்கு மேல் கட்டலாம், அப்போது அதிகாலை நடைக்கும் ஒன்றை ஒதுக்க முடியும்.

கரைப் பக்கமும் வேலை இருக்கிறது. படகு வந்ததும் பத்து நிமிஷத்துக்கு மட்டும் பெரிய அளவில் மின்சாரம் இழுக்கும், அப்புறம் ஒன்றுமில்லை. தீவு ஓரத்தில் இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது. நார்வேயில் 2015இல் ஆம்பியர் என்ற மின்படகு ஓடத் தொடங்கியபோது இதே சிக்கல் வந்தது, கிராமத்து மின்தடம் போதவில்லை. கரையிலேயே ஒரு பேட்டரி வைத்தார்கள். அது நாள் முழுக்க மெதுவாக நிரம்பும், படகு வந்ததும் மொத்தமாகக் கொடுக்கும். நம் சின்னத் தீவுகளுக்கு இது பொருந்தும்.

ஒன்று சொல்லாமல் போக மனசில்லை. மூலமற்றம் நீர்மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியேறுகிற தண்ணீர் எங்கள் தொடுபுழா ஆற்றில் விழுந்து, மூவாற்றுப்புழை ஆறாகி, வைக்கம் பக்கத்தில் வேம்பநாட்டுக் காயலில்தான் சேர்கிறது. ஆதித்யா ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு மின்சாரம் கொடுத்துவிட்டு வந்த தண்ணீர். வேலை முடிந்து அந்த ஆற்றங்கரையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

பாலக்காட்டுப் பனை (எர்ணாகுளம் / கல்பாத்தி)

லைன் அண்ணா சொன்ன கணக்கு அருமை. ஆனால் கட்டணத்தில் ஸ்ராங்கு மகனோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறு ரூபாய்க்கு ஓடுகிற போட்டுக்கு மீதிப் பணத்தை அரசு கொடுக்கிறது. அந்தப் பணம் நின்றால் படகு நிற்கும். பழைய போட்டுகள் பழுதாகி, மாற்றுப் படகு இல்லாமல் நடைகள் குறைந்ததை நாம் பார்த்திருக்கிறோமே. வாட்டர் மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 20, அதிகபட்சம் 40. ஏசி, மிதக்கும் துறை, நூறு பேருக்கு மேல் ஒருவரையும் விடாத கதவு, எல்லாவற்றுக்கும் சேர்த்து இது அநியாயமில்லை.

2015 ஆகஸ்ட் 26இல் ஃபோர்ட் கொச்சி முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகு மோதிப் பயணிகள் படகு மூழ்கியதில் 11 பேர் போனார்கள். ஓணத்துக்கு முந்தைய நாட்கள். அதை மறந்துவிட்டு மலிவை மட்டும் பேசக் கூடாது. பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு.

தவிர, பாஸ் வாங்கினால் இருபது ரூபாய் இல்லையே. தொடங்கும்போதே வாரப் பாஸ் 180க்கு 12 பயணம், மாதப் பாஸ் 600க்கு 50 பயணம், மூன்று மாதப் பாஸ் 1,500க்கு 150 பயணம் என்று அறிவித்தார்களே. மாதப் பாஸில் பயணம் 12 ரூபாய்தான்.

வாத்துருத்தி அக்கா

தம்பி, 12 ரூபாய் கணக்கு சரிதான். ஆனால் மாத முதல் தேதியில் மொத்தமாக 600 ரூபாய் எடுத்து வைக்கிறவருக்குத்தான் அந்த 12 ரூபாய். 1,500 எடுத்து வைக்கிறவருக்கு 10 ரூபாய். எனக்குச் சனிக்கிழமைதான் கூலி. வாடகை, ஊருக்கு அனுப்புகிறது எல்லாம் போக, அடுத்த வாரம் எங்கே வேலை என்றே தெரியாமல் பாஸ் எடுத்தால் அது வீணாகத்தான் போகும். இந்த வாரம் வைப்பின், அடுத்த வாரம் ஆலுவா. பணம் குறைவாக இருக்கிறவள்தான் இருபது கொடுக்கிறேன்.

பாலக்காட்டுப் பனை

அக்கா, நான் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவே இல்லை. நீங்கள் சொல்வது நியாயம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. லண்டனில் பயண அட்டை வைத்திருப்பவர் முன்கூட்டியே பாஸ் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவை அட்டையைத் தொடும்போதும் காசு கழியும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பைத் தொட்டதும் அதற்கு மேல் கழியாது. இங்கேயும் கொச்சி ஒன் அட்டை இருக்கிறது. அட்டையிலேயே பயணத்தை எண்ணி, ஒரு மாதத்தில் பயணம் கூடக்கூடக் கட்டணம் தானாகக் குறைகிற மாதிரி வைத்தால் 600 ரூபாயை முன்னால் கட்டத் தேவையே இருக்காது. புதுப் படகு வாங்க வேண்டாம், புதுத் துறை கட்ட வேண்டாம். கணினியில் மாற்றுகிற வேலை.

வேலித்துறை (ஃபோர்ட் கொச்சி, வேலி)

எல்லாரும் பயணிப் படகைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு வண்டிகளையும் ஏற்றிப்போகிற ரோ-ரோ படகுதான் உயிர்.

வேலி தோபிகானாவில் (துணி வெளுக்கிற இடத்தில்) எங்கள் குடும்பம் நாலு தலைமுறை. வைப்பின் பக்கத்து விடுதிகளின் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் எங்களிடம் வருகிறது. என் மகன் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு ரோ-ரோவில் ஏறுவான். ஐந்து நிமிஷத்தில் அக்கரை. சாலையில் போனால் எர்ணாகுளம் நகரத்தைச் சுற்றி, கோஸ்ரீ பாலங்களில் ஏறி, பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. 2018இல் அது வருவதற்கு முன்பு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு ரோ-ரோவில் ஒன்று பழுதானால் அன்றைக்கு வண்டி வரிசை தெருமுனை வரை நிற்கும். வெயிலில் மூட்டையோடு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான்.

ரோ-ரோ டீசலில்தான் ஓடுகிறது. அதே இரண்டு கரைக்கு நடுவே நாள் முழுக்கப் போய் வருகிற வண்டி அது. லைன் அண்ணா சொன்ன மாதிரி கரையில் பேட்டரி வைத்து ஓட்ட முடியுமா? முடியும் என்றால் மூன்றாவது ரோ-ரோவே மின்சாரத்தில் வரட்டும்.

மூலமற்றம் லைன்

அம்மா, நான் சொன்ன நார்வே ஆம்பியரே கார்களை ஏற்றிப்போகிற படகுதான். நம் ரோ-ரோவைவிட ரொம்பப் பெரியது, தடமும் நீளம். இங்கே தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. முகத்துவாரத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், கப்பல் போகிற வழி, அதனால் மோட்டாருக்குக் கூடுதல் பலம் வைக்க வேண்டும். மற்றபடி மின்சாரத்துக்கு இதைவிடத் தோதான தடம் கொச்சியில் இல்லை என்றே சொல்வேன்.

குமரித்துறை (கன்னியாகுமரி)

உங்கள் பேச்சைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் கழகம் படகு விடுகிறது. கூட்டம் எக்கச்சக்கம். 2024 டிசம்பரில் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்துக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அது திறந்த கடல். அலை தூக்கிப் போடும். காயலில் ஓடுகிற படகை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

எங்களுக்கு வேண்டியது மிதக்கும் துறை மாதிரி ஒரு ஏற்பாடு. கொச்சியில் துறை தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, படகின் தளமும் துறையின் தளமும் எப்போதும் ஒரே மட்டம், சக்கர நாற்காலியை நேராக உருட்டிக்கொண்டு போகலாம் என்கிறார்கள். உண்மையா? பல வருஷம் முன்பு வேறொரு ஊரில், எந்த ஊர், யார் படகு என்பது இப்போது வேண்டாம், என் அம்மாவைப் படகிலிருந்து இறக்கும்போது படகு கீழே போய்விட்டது. அம்மாவின் கால் துறைச் சுவருக்கும் படகுக்கும் நடுவில் மாட்டி எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அம்மா தண்ணீர்ப் பக்கமே வருவதில்லை.

காக்கநாடு கணினி

உண்மைதான் அண்ணா. கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் இது எளிதாக முடிகிறது. என் படகில் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் இருக்கிறார். யாரும் தூக்குவதில்லை. அவரே ஏறி, அவரே இறங்கிப் போகிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் வைட்டிலாவில் வந்து நிற்கிறேன்.

ஸ்ராங்கு மகன்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். என் கருத்தில் ஒரு திருத்தம். அக்கரைத் தீவுக்கு முதல் உரிமை என்று மட்டும் சொன்னேன், நேரத்தை விட்டுவிட்டேன். ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறவருக்குத் தீவில் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும் ஏழு மணிப் படகு உதவாது. அப்பா காலத்தில் முதல் நடைக்கு இருட்டோடு எழுந்து போவார். அந்தப் போட்டில் வருகிறவர்கள் மீன் கூடைக்காரிகளும் கூலிக்காரர்களும்தான். முதல் நடையில் கொஞ்சம் தாமதமானாலும் அப்பா அன்று முழுக்க அதைச் சொல்லி வருத்தப்படுவார். இது எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. காயலில் உப்புநீரைத் தடுக்கிற தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர் திறந்து, மழையும் தொடங்கியதும் குட்டநாட்டிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக இறங்கி வரும். உப்பு ஏறினால்தான் அது சாகும். அதுவரை படகைத் தள்ளுகிற அடிவிசிறியில் சுற்றிப் படகை நிறுத்திவிடும். டீசலோ மின்சாரமோ, விசிறிக்கு வித்தியாசம் தெரியாது. துறைகளில் சேறு அள்ளுவதும் தாமரை அள்ளுவதும் ஆண்டு முழுக்க நடக்கிற வேலையாக இருக்க வேண்டும். அதற்கான பணம் படகு வாங்கும்போதே கணக்கில் வர வேண்டும்.

மனு எழுதத் தொடங்கிவிட்டேன். தீவிலிருந்தும் ஹைகோர்ட் துறையிலிருந்தும் ஐந்தரை மணிக்கு ஒரு நடை. வாத்துருத்தியிலிருந்து துறைக்கு இணைப்பு வண்டி. பயணத்தை எண்ணி அட்டையில் கட்டணம் குறைகிற முறை. மின்சார ரோ-ரோ. ஆதித்யா மாதிரி எளிய படகுகள் எர்ணாகுளம் அரசு போட்டுத் தடங்களுக்கு. நான் மலையாளத்தில் எழுதிவிடுவேன், பனை தம்பி கட்டணப் பகுதியை எழுதித் தரட்டும், லைன் அண்ணா சார்ஜ் பகுதியைப் பார்த்துத் திருத்தட்டும்.

அக்கா, உங்கள் வரிசையில் காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வாத்துருத்தி அக்கா

எழுதத் தொடங்கிவிட்டேன் தம்பி. எங்கள் சந்தில் மட்டும் இன்று ராத்திரிக்குள் நாற்பத்தொரு பேர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் வாருங்கள், அதற்குள் அடுத்த சந்தும் முடிந்துவிடும்.